பதினேழாம் நாள்

இறப்புக்குப் பிறகு பதினாறு நாட்களுக்கு யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது நம் ஊருக்குத் தெரியும். பந்தலைப் பிரித்த மறுநாளிலிருந்து துக்கத்தை எப்படித் தாங்குவது?

பந்தல்காரப் பையன் நாற்காலிகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு, "நாலு சேர் குறையுதுண்ணே" என்றான். தெருமுனை டீக்கடையில் இரண்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒன்று, மாட்டுக்கொட்டகையில் ஒன்று என்று தேடிப் பிடித்துக் கொடுத்தேன். குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசலில் பந்தக்கால் ஊன்றிய குழிகள் மட்டும் மிச்சம். முந்தின நாள் மதியம் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் குவிந்து கிடந்த வாசல் அது. எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். அன்று, அப்பாவுக்குக் கருமாதி முடிந்த மறுநாள்.

உள்ளே அம்மா அடுப்பைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குச் சமைத்ததில் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. சிலிண்டர் பதியவேண்டிய எண், அப்பாவின் செல்போன் எண். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அம்மா ஒரு தடவைகூட சிலிண்டர் பதிந்ததில்லை. அப்பாவின் போனை எடுத்து நான் பதிந்தேன். ஒரு நிமிடத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லி, பதிவு ஏற்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அம்மா போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "இந்தப் போனுக்கு இன்னும் விவரம் தெரியல" என்றார். அப்படியே அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினாறு நாளும் வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதவர், அன்றுதான் கட்டிக்கொள்ள ஆளில்லாமல் அழுதார்.

அந்த அழுகைக்கு நம்மிடம் சடங்கு எதுவும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த அழுகையைப் பற்றியது.

ஊர் சுமக்கும் பதினாறு நாட்கள்

துக்கத்தை ஒருவர் மனசுக்குள் மட்டும் நடக்கிற சங்கதி என்று நம் முன்னோர் விட்டுவிடவில்லை. ஊர் கூடிச் செய்கிற வேலையாக அதை வகுத்தார்கள். சாவு விழுந்த வீட்டில் உடலை எடுக்கும்வரை உலை வைப்பதில்லை. அக்கம்பக்கத்திலிருந்து காபி வரும். உறவினர் வீட்டிலிருந்து சோறு வரும். சொல்லி அனுப்ப ஒருவர், பாடை கட்ட ஒருவர், மயானத்து வேலையைப் பார்க்க ஒருவர். நீர்மாலை எடுக்க, கோடி போட, வாய்க்கரிசி இட என்று ஒவ்வோர் உறவுமுறைக்கும் ஒரு பங்கு உண்டு. பேரப்பிள்ளைக்குக்கூட நெய்ப்பந்தம் பிடிக்கும் வேலை இருக்கிறது. "இங்க உக்காரு, இதப் புடி, போய்க் குளி" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எதையும் யோசிக்கத் திராணியில்லாமல் இருக்கும் மனசுக்கு அது பெரிய ஒத்தாசை.

பால் தெளித்த பிறகு, விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்குவார்கள். எங்கள் பக்கம் அதைக் கேதம் கேட்பது என்போம். நெல்லையில் துட்டி, கொங்கில் எழவு. வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படி ஆச்சு?" அப்பாவின் கடைசி ராத்திரியை அம்மா ஐம்பது, அறுபது தடவையாவது சொல்லியிருப்பார். முதல் நாள் துண்டு துண்டாக வந்த பேச்சு, பத்தாம் நாளுக்குள் தலையும் வாலும் உள்ள கதையாகிவிட்டது. துயரத்தில் உறைந்துபோனவர்களுக்கான இன்றைய உளவியல் சிகிச்சையிலும் இது ஒரு முக்கியமான பகுதி. அந்த மரணம் நடந்த விதத்தைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லவைப்பார்கள். எதை நினைக்கவே முடியாமல் இருந்தோமோ, அதைச் சொல்லிச் சொல்லித்தான் நினைக்கப் பழகுகிறோம்.

கேத வீட்டுக்கு வருகிறவர்கள் புறப்படும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு துக்கத்துக்காக வரக்கூடாது என்பதால் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். பதினாறாம் நாள் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகியதும், மாமன்முறைக்காரர் மகனின் தலையில் உருமா கட்டுவார். இனி குடும்பப் பொறுப்பு உன்னுடையது என்று ஊரறியச் சொல்வது அது. அத்தோடு ஊரின் வேலை முடிந்தது.

ஊருக்கு ஊர், மதத்துக்கு மதம் இந்த நாள்கணக்கு மாறும். யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டி. இறந்தவரின் வாழ்க்கையையும் அவர் பேரில் பாடிய பாக்களையும் அச்சிட்டு, 'கல்வெட்டு' என்ற பெயரில் வந்தவர் கையில் கொடுப்பார்கள். இஸ்லாத்தில் மற்ற உறவுகளுக்கான துக்கம் 3 நாள். கணவரை இழந்தவருக்கு 4 மாதமும் 10 நாளும் இத்தா. கத்தோலிக்கர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளில், பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போகிறார்கள். துக்கத்துக்கென்று நாளும் இடமும் ஆளும் வேண்டும் என்பதை எல்லோருமே உணர்ந்திருக்கிறார்கள்.

ஒப்பாரி செய்த காரியம்

பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, ஒப்புச் சொல்லி அழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒப்பாரியில், செத்தவரைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வதைவிட, செத்தவரிடமே பேசுவதுதான் அதிகம். ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்பார்கள். சண்டை போடுவார்கள். நீ இருந்தவரை ஒரு சொல் சொல்லாத சொந்தம் இன்று என்ன பேசுகிறது பார் என்று முறையிடுவார்கள். வாழ்நாளில் புருஷனை எதிர்த்துப் பேசாத பெண்ணுக்கும் அன்றைக்குக் கோபப்பட உரிமை உண்டு. பத்து வருடத்துக்கு முன் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி கேதத்துக்கு வந்து, இந்தச் சாவோடு அந்தச் சாவையும் சேர்த்து அழுவாள். யாரும் தவறாக நினைப்பதில்லை. பழைய துக்கத்துக்கும் அங்கே இடம் உண்டு.

இறந்தவரை எண்ணி வருந்திப் பாடுவதற்குத் தமிழ் இலக்கணம் 'கையறுநிலை' என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. செய்வதற்கு எதுவுமில்லாமல் கை ஓய்ந்து நிற்கும் நிலை. துக்கத்துக்கு இதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியாது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235-ஆவது. மன்னனின் போர்வெற்றியைச் சொல்லியா அவர் அழத் தொடங்குகிறார்? கொஞ்சமாகக் கள் கிடைத்தாலும் தமக்குக் கொடுத்துவிட்டதை, தம் தலையைத் தடவிக்கொடுத்த கையை நினைத்து அழுகிறார். அம்மாவுக்கும் அப்படித்தான். அப்பா கட்டிய வீட்டைப் பற்றி அவர் பேசவில்லை. சந்தையிலிருந்து வரும்போதெல்லாம் கால் கிலோ பக்கோடாவை வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்ததைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார்.

இன்று இதெல்லாம் வேகமாகக் குறைந்துவருகிறது. மின்மயானத்தில் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் பதினாறு நாள் மூன்று நாளாகிவிட்டது. சில வீடுகளில் எடுத்த அன்றே எல்லாம் முடிகிறது. திங்கள்கிழமை வேலைக்குப் போகவேண்டும், பிள்ளைக்குப் பரீட்சை, விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், சுருக்கப்பட்டது சடங்கு மட்டும்தான். அந்த நாட்களில் அழுது தீர்த்திருக்க வேண்டியதெல்லாம் அப்படியே இருக்கிறது. அதைத் தனியாக, ராத்திரிகளில், பஸ் பயணங்களில் அழவேண்டியிருக்கிறது.

படி ஏறி முடிகிற விஷயமா?

ஆறுதல் சொல்லும் பலர் ஐந்து படிகளைப் பற்றிச் சொல்வார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, கடைசியில் ஏற்பு. எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் வெளியிட்ட நூலில் வந்த கணக்கு இது. சிகாகோ மருத்துவமனையில், தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் எழுதியது அந்த நூல். சாகப்போகிறவர்களின் மனநிலையைப் பற்றிய கருத்து, பிறகு உறவை இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டது. அதனால் ஒரு கெடுதலும் நேர்ந்தது. "எனக்குக் கோபமே வரல, நான் சரியா துக்கப்படலையோ?" என்று தவிக்கிறவர்களும், "ஒரு வருஷமாச்சு, இன்னும் ஏத்துக்க முடியலையே" என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறவர்களும் உருவானார்கள். துக்கம் வரிசையில் வருவதில்லை. நாலு நாள் இல்லாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் மளிகைக் கடையில் அவருக்குப் பிடித்த ஊறுகாயைப் பார்த்ததும் வந்து நிற்கும்.

இறந்தவரோடு இருக்கும் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, மனசை விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று சிக்மண்ட் ஃப்ராய்டு 1917-இல் எழுதினார். 1920-இல் அவருடைய மகள் சோஃபி, விஷக் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுக்கு வயது 26. ஒன்பது வருடம் கழித்து, அவள் இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு ஃப்ராய்டு கடிதம் எழுதினார். முதலில் வரும் கடுந்துயரம் தணியும், ஆனால் அந்த இடத்தை வேறு எதுவும் முழுதாக நிரப்பாது, அது அப்படி இருப்பதுதான் சரி என்பது அந்தக் கடிதத்தின் சாரம். பிணைப்பை அறுக்கச் சொன்னவரே, அறுக்க வேண்டாம் என்ற இடத்துக்கு ஒரு தகப்பனாக வந்து சேர்ந்தார்.

1996-இல் டென்னிஸ் கிளாஸும் அவருடைய சகாக்களும், இறந்தவரோடு உறவு தொடர்வது இயல்பானது, ஆரோக்கியமானது என்று ஒரு நூலே வெளியிட்டார்கள். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்களுக்கும், வருஷத் திதியில் அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைப் படையலில் வைக்கிறவர்களுக்கும் இது புதிய செய்தி அல்ல. உறவு முடியவில்லை. அதன் வடிவம் மாறியிருக்கிறது.

துக்கத்தைச் சமாளிப்பது பற்றி எனக்கு மிக உதவியாக இருந்த கருத்து, மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷுட்டும் 1999-இல் சொன்னது. இழந்தவர் மனசு ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பு: அழுவது, படத்தைப் பார்ப்பது, ஏங்குவது. மறுபக்கம் வாழ்க்கை: கரண்ட் பில் கட்டுவது, புது வேலை பழகுவது, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து டி.வி பார்ப்பது. இரண்டு பக்கமும் போய் வருவதுதான் நலம். ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல்.

இருபதாம் நாள் இருக்கும். என் மகள் எதையோ சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மறுகணமே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, சிரிச்சுட்டேனே" என்றார். சிரித்தது துரோகம் இல்லை. ஊஞ்சல் மறுபக்கம் போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பும் சேர்ந்து துக்கப்படும்

துக்கம் மனசோடு நின்றுவிடாது. தூக்கம் கெடும், பசி போகும், நெஞ்சை அடைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். 'டகோட்சுபோ' என்று ஓர் இதயக் கோளாறு இருக்கிறது. கடும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை திடீரென்று பலூன்போல உப்பிவிடும். ஆக்டோபஸ் பிடிக்க ஜப்பானியர் கடலில் இறக்கும் குடுவையின் வடிவம் அதற்கு வந்துவிடுவதால், 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அந்தக் குடுவையின் பெயரையே வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். மாரடைப்பு அபாயமும் நெருங்கியவர் இறந்த முதல் நாளில் பல மடங்கு உயர்ந்து, பிறகு நாள்போக்கில் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 'அவர் போன ஏக்கத்துலயே இவளும் போயிட்டா' என்று ஊரில் சொல்வது வெறும் பேச்சு அல்ல.

ஆகவே முதல் வேலை, உடம்பைப் பார்ப்பது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாவு வீட்டுக் கூட்டத்தில் அதை மறந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ராத்திரித் தூக்கத்துக்குச் சாராயத்தைத் துணைக்குக் கூப்பிடும் ஆண்களைக் கவனிக்க வேண்டும். "ஆம்பள அழலாமா?" என்று ஊர் வாயை அடைத்ததால், அழ வழி தெரியாமல் குடிக்கப் போனவர்கள் அவர்கள்.

உடல் கிடைக்காதவர்கள்

பதினாறு நாளும் முறையாகச் செய்ய முடிந்தவர்களுக்கே இவ்வளவு பாடு. அதுவும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை அடையாளம் காணக்கூட நேரமில்லாமல் மொத்தமாகப் புதைக்க வேண்டியிருந்தது. அந்தக் கரையில் இன்றும் டிசம்பர் 26 அன்று கடலில் பாலும் பூவும் விட்டு அழுகிறார்கள். எந்தக் குழி தங்களுடையது என்று தெரியாதவர்களுக்குக் கடலே கல்லறை. அதே ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தப் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் கூடுகிறார்கள். இவர்களிடம் போய் "இன்னுமா?" என்று கேட்க யாருக்கு வாய் வரும்? நினைவு நாள் என்பது புண்ணைக் கிளறுவது இல்லை. ஆண்டு முழுக்க அடக்கிவைத்ததைக் கூட்டத்தோடு இறக்கிவைக்க ஒரு நாள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலர் திரும்பவில்லை. 7 ஆண்டுகள் தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொது விதி. ஈழத்தில் போர் 2009 மே மாதம் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பதில் கிடைக்காமலேயே கண்மூடியவர்கள் அவர்களில் உண்டு. இந்தத் தாய்மார்களால் அந்தியேட்டி செய்ய முடியாது. செய்தால், பிள்ளையைத் தாங்களே கொன்றதாக மனசு சொல்லும். செய்யாவிட்டால், நாள் ஓடாது. அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். இழப்பிலேயே மிகக் கடுமையானது இதுதான் என்பது அவர் கருத்து. இவர்களிடம் "மறந்துவிடுங்கள்" என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது பதில். பதில் வரும்வரை, காத்திருப்பதில் கூடவே உட்கார ஆட்கள்.

கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள்ளேயே இந்த நிலை வந்தது. இறுதிச்சடங்குக்கு 20 பேர்தான் என்று கட்டுப்பாடு இருந்தது. முகம் பார்க்காமல், வாய்க்கரிசி இடாமல் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கடன் மனசில் இருந்தால், இப்போதும் தீர்க்கலாம். நான்கைந்து வருடம் கழித்து உறவுகளைக் கூட்டி ஒரு நினைவுச் சாப்பாடு போடுவதை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை.

ஊர் கணக்கில் எடுக்காத துக்கம்

எண்பது வயதில் இறந்தால் 'கல்யாணச் சாவு' என்கிறோம். ஆட்டமும் வெடியுமாக எடுத்துப்போகிறோம். அறுபது வருடம் கூட வாழ்ந்த பாட்டி மூலையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது கல்யாணம் இல்லை. ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்த பெண்ணிடம் "அடுத்தது தங்கும்" என்கிறோம். அவள் அதற்குப் பெயரே வைத்திருந்திருப்பாள். காதலித்தவனைப் பறிகொடுத்த பெண் சாவு வீட்டில் கடைசி வரிசையில் நிற்கிறாள், தெரிந்தவள் மாதிரி. தற்கொலையில் பிள்ளையை இழந்த வீட்டுக்கு ஆட்களே வருவதில்லை. வந்தாலும் காரணத்தைத்தான் தோண்டுகிறார்கள். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று கென்னத் டோகா 1989-இல் இதற்கெல்லாம் பெயர் வைத்தார். ஊர் இடம் கொடுக்காவிட்டாலும் நீங்கள் கொடுக்கலாம். "உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியுது" என்ற ஒரு சொல் போதும்.

பழைய முறைகளைப் புகழும்போது, அதிலுள்ள கொடுமையையும் சொல்லவேண்டும். கணவனை இழந்தவளைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்து, வளையலை உடைத்து, பொட்டையும் பூவையும் பறிக்கும் சடங்கு ஆறுதல் இல்லை, தண்டனை. பறை அடிக்கவும் குழி வெட்டவும் சாதியின் பேரால் சிலரைக் கட்டாயப்படுத்தியதும் அந்தப் 'பங்கு' முறையில் அடக்கம். எங்கள் வீட்டில் அம்மாவின் வளையலில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அத்தைதான், அப்பாவின் கூடப்பிறந்த தங்கைதான், முன்னால் வந்து நின்றார். "எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது, கிடக்கட்டும்" என்றார். சடங்கில் எது ஆறுதல், எது வன்மம் என்று பிரிக்க அந்த ஒரு குரல் போதுமாக இருந்தது.

பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்

"தாத்தா தூங்குறாரு", "சாமிகிட்ட போயிருக்காரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிடுகிறோம். தூங்கினால் திரும்பி வரமாட்டோம் போலிருக்கிறது என்று குழந்தை ராத்திரி தூங்கப் பயப்படும். ஊருக்குப் போனவர் சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபப்படும். நடந்ததை அதற்குப் புரியும் சொல்லில் சொல்லுங்கள்: "தாத்தா செத்துட்டாரு. அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே வரமாட்டாரு. உன்னால எதுவும் ஆகல." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தாத்தாவிடம் அன்று கோபப்பட்டதால்தான் இப்படி ஆனது என்று தானாக நினைத்துக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாட ஓடினால் திட்டாதீர்கள். பிள்ளைகளின் ஊஞ்சல் வேகமாக ஆடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பெரும்பாலான துக்கத்துக்கு மருந்து தேவையில்லை, மனிதர்கள் போதும். ஆனால், சிலருக்கு ஊஞ்சல் ஒரே பக்கம் நின்றுவிடுகிறது. பல மாதம் ஆன பிறகும் ஒவ்வொரு நாளும் அதே முதல் நாளாக இருப்பது, இறந்ததை நம்பவே முடியாமல் இருப்பது, வேலைக்கோ வெளியிலோ போக முடியாமல் முடங்குவது, தன்னில் பாதி செத்துவிட்டதாக உணர்வது. இதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்று இப்போது மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறைந்தது 6 மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட பட்டியல் பெரியவர்களுக்கு 12 மாதத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன. இதற்கென்றே பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் மாதக்கணக்கு எதையும் பார்க்கக் கூடாது, அன்றைக்கே உதவி கேட்க வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

பதினேழாம் நாளிலிருந்து நீங்கள் செய்யக்கூடியவை

ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. "வியாழக்கிழமை மாவு அரைச்சுக் கொண்டு வர்றேன்" என்று நாளையும் பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காகித வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. அதன் பிறகு வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், வங்கி, ஓய்வூதியம் என்று நீளும். ஒவ்வொரு கவுன்டரிலும் "இறந்துட்டாரு" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். இ-சேவை மையத்துக்கு அவரோடு போய், அந்த வார்த்தையை அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.

இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுதுவிடுவாரோ என்று பயந்து எல்லோரும் பெயரையே விட்டுவிடுகிறார்கள். அவர் அந்தப் பெயரைக் கேட்கத்தான் ஏங்கிக்கொண்டிருப்பார்.

"எல்லாம் விதி", "அவராவது கஷ்டப்படாம போனாரு", "நீ தைரியமா இருக்கணும்" ஆகியவற்றைச் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். சொல்ல எதுவும் இல்லையென்றால் சும்மா உட்காருங்கள்.

துணிமணியை உடனே எடுத்துக் கொடுத்துவிட அவசரப்படுத்தாதீர்கள். எப்போது என்பதை அவர் சொல்லட்டும். அப்பாவின் ஒரு சட்டை எங்கள் வீட்டுக் கொடியில் எட்டு மாதம் தொங்கியது. ஒருநாள் அம்மாவே மடித்து வைத்தார்.

முதல் தீபாவளி, முதல் பொங்கல், பிறந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பலகாரம் செய்யாத அந்த வீட்டுக்கு அன்றைக்கு உங்கள் கால் போகட்டும்.

கீரைக் கட்டு

அந்தப் பதினேழாம் நாள் சாயங்காலம், நாலு மணி இருக்கும், பின்தெருப் பெரியம்மா ஒருவர் வந்தார். சொந்தமென்று பெரிதாக இல்லை. அவருடைய வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கையில் முருங்கைக்கீரை, ஒரு முறம். எதுவும் விசாரிக்கவில்லை. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கீரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அம்மா பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் சும்மா இருந்த அம்மா, பிறகு ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் இலை உருவினார்கள். பேச்சு என்று பார்த்தால் பத்து வார்த்தை இருக்காது. எழுந்து போகும்போது பெரியம்மா வாசலில் நின்று சொன்னார்: "நாளைக்கு வர்றேன்."

பதினாறு நாளும் அந்த வாசலில் யாரும் சொல்லாத சொல் அது.

மறுநாள் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். கீரை, அவரைக்காய், புளி, ஏதாவது ஒன்று கையில் இருக்கும். ஆறேழு வாரம் போனபின் நாள் விட்டு நாள் வந்தார், பிறகு வாரம் ஒருமுறை. அந்த ஆடியில் அம்மா தானாகவே முறத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மேலத்தெருவில் ஒரு வீட்டில் துக்கம் நடந்து நாளாகியிருந்தது. காலையில் அம்மா காலண்டர் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "நேத்தே பதினாறு முடிஞ்சிருச்சு" என்றார். சாயங்காலம் கொல்லையில் முருங்கைக் கொப்பை ஒடித்துத் தரச் சொன்னார். ஒடித்துக் கொடுத்தேன். கூடவே போய் அந்த வீட்டு வாசல் வரை விட்டுவிட்டு, தெருவில் காத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, காலி முறத்தோடு வெளியே வந்தார். நிலைப்படியில் நின்று, உள்ளே இருந்தவரைத் திரும்பிப் பார்த்து அம்மா சொன்னது எனக்குத் தெருவில் கேட்டது.

"நாளைக்கு வர்றேன்."